இரண்டாவது ரூட்டர்

ஆரியசாலை, திருவனந்தபுரம்
செப்டம்பர் 8

அன்புள்ள ஆஷா அக்காவுக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு வராதவள், அதற்கப்புறம் ஒரு போன்கூடப் பண்ணாதவள், இப்போது எழுதுவது மன்னிப்புக் கேட்க என்று நினைப்பாய். அதையும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் வேறொன்று கேட்கிறேன். எங்கள் வீட்டு கேபிள் நெட்டுக்கு எந்த ரூட்டர் பொருந்தும்?

சிரிக்காதே. போன சனிக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்ப் போய் வந்ததில் பழைய ரூட்டர் கருகிவிட்டது. அன்று சாயங்காலமே அவர் மஸ்கட்டிலிருந்து ஒரு மாடல் நம்பரை அனுப்பி, இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் சாலைக் கடைத்தெருவில் போய் விசாரித்தேன். அதற்கு ஒரு ஆப் இருக்கிறதாம். உலகத்தில் எங்கே இருந்தாலும் போனைத் திறந்து, வீட்டில் எந்தக் கருவி எத்தனை மணிக்கு நெட்டில் இருந்தது, எங்கெங்கே போனது என்று பார்க்கலாமாம். வேண்டாததை அங்கிருந்தே நிறுத்தலாமாம். கடைக்காரர் ரொம்பப் பெருமையாக, "பிள்ளேரைக் கண்ட்ரோல் செய்யான் நல்லதாணு சேச்சி" என்றார். எங்கள் வீட்டில் பிள்ளை என்று இருப்பது அஸ்வதி ஒருத்தி. அவளுக்கு ஏழு வயது. கண்ட்ரோல் யாருக்கு என்று எனக்குத் தெரியும்.

இனி எழுதப்போவதை நீ உன் வீட்டுக்காரரிடம் தவிர யாரிடமும் சொல்லக் கூடாது. ஜூலையிலிருந்து நான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளிக்குத் தினமும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டிலிருந்தே கணக்குப் பாடம் எடுக்கிறேன். அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய திரையில் என்னைப் பார்க்கிறார்கள். பதினொரு மணிக்கு அத்தை கோவிலுக்குப் போனால் பன்னிரண்டரைக்குத்தான் திரும்புவார். செப்டம்பர் முடியும்வரை தவறாமல் எடுத்தால் வேலையை நிரந்தரமாக்கி, பள்ளி வளாகத்திலேயே எனக்கும் அஸ்வதிக்கும் தங்க இடம் தருவார்கள். மூன்று பாடத்துக்கு மேல் தவறினால் கிடையாது.

அவர் அக்டோபர் 20, தீபாவளிக்கு வருகிறார். திரும்பும்போது எங்கள் இரண்டு பேரையும் மஸ்கட்டுக்குக் கூட்டிப் போகிறார். விசா ஆகிவிட்டது. நான் அங்கே ஏழு மாதம் இருந்திருக்கிறேன் அக்கா. மறுபடி போனால் திரும்பி வர மாட்டேன். அவர் வருவதற்குள் பிள்ளையோடு இங்கிருந்து போய்விட வேண்டும்.

நெட் போனதால் ஹாலில் வைத்திருக்கும் கேமராவும் இப்போது குருடு. அதனால் இன்றைக்குப் பாடத்தை என் தோழி ஸ்வப்னாவின் தையல் கடையில் உட்கார்ந்து அவள் போன் நெட்டில் எடுத்தேன். மெஷின் சத்தம் கேட்டு அங்கே பிள்ளைகள் ஒரே சிரிப்பு. இதை எத்தனை நாள் செய்ய முடியும்? புது ரூட்டர் வந்தால் கேமராவும் கண்ணைத் திறக்கும்.

என் போனில் பேசினால் அவருக்குத் தெரிந்துவிடும். ஸ்வப்னாவின் போனில் பேசலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டேன். மார்த்தாண்டத்தில் உங்கள் கடைப் பலகையைப் பஸ்ஸிலிருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர், கேமரா, ரூட்டர் என்று எழுதியிருந்தது. பதிலை ஸ்வப்னா டெய்லரிங், ஆரியசாலை என்ற விலாசத்துக்குப் போடு.

பிந்து


மார்த்தாண்டம்
செப்டம்பர் 10

பிந்து,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மூன்று தடவை கோபம்தான் வந்தது. அம்மா உன் வீட்டில் இறந்துபோன அன்று நானும் என் வீட்டுக்காரர் யோசுவாவும் வாசலில் நின்றோம். "வேதக்காரனைக் கூட்டிக்கிட்டு உள்ள வராத" என்று, யோசுவா கிறிஸ்தவர் என்பதால் தடுத்தது உன் வீட்டுக்காரர் வன்னியபெருமாள். பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. அம்மா முகத்தைப் பார்க்காமலே திரும்பி வந்தேன். இதை எழுதாமல் ரூட்டரைப் பற்றி எழுத என்னால் முடியாது. எழுதிவிட்டேன். இனி ரூட்டர்.

யோசுவா கடிதத்தைப் படித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு ரூட்டர்? வண்டிய எடுக்கட்டா, இப்பமே கூட்டிட்டு வந்துருவோம்" என்று சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் உட்கார வைத்தேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்தால் பெருமாளின் தம்பிமார் முதலில் தேடி வருவது இங்கேதான். வேலையும் இடமும் கையில் இல்லாமல் இறங்கினால் பிள்ளையை உன்னிடமிருந்து பிடுங்குவது சுலபம். நீ போட்ட கணக்குச் சரி. கணக்கில் நீ என்றைக்கும் கெட்டிதானே.

கடைக்காரன் கையில் கொடுத்ததை வாங்கி வராதே. முதலில் வீட்டுக்குள் வரும் கம்பியைப் பார். டிவிக்கு வருகிற மாதிரி தடித்த கறுப்புக் கம்பி, திருகி மாட்டுவது, ஒரு பெட்டியில் நுழைகிறதா? அந்தப் பெட்டி கேபிள்காரன் தந்த மோடம். அது கருகாமல் விளக்கு எரிந்தால் அதைத் தொட வேண்டாம். அதிலிருந்து கிளிப் வைத்த மெல்லிய கம்பி ஒன்று ரூட்டருக்குப் போகும். உனக்கு வேண்டியது அந்த மெல்லிய கம்பியை வாங்கிக்கொள்ளும் ரூட்டர். டெலிபோன் லைனில் ஓடுகிற பழைய ரகத்தைச் சாலைக் கடைத்தெருவில் இன்னும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதை மாட்டினால் விளக்கு மட்டும்தான் எரியும்.

இன்னொன்று முக்கியம். கருகிய ரூட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணுமாக ஒரு நம்பர். கேபிள் ஆபீஸ் உங்கள் இணைப்பை அந்த நம்பரோடு கட்டிவைத்திருக்கும். வேறு ரூட்டரை மாட்டினால் ஆபீஸில் சொல்லிப் பதிய வேண்டும். பதிந்தால் இணைப்பு யார் பெயரிலோ அவர் போனுக்குச் செய்தி போகும். யார் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவே வேண்டாம்.

சுவர் எப்படிப்பட்டது, ரூட்டர் எந்த அறையில், நீ பாடம் எடுப்பது எந்த அறையில் என்று எழுது.

ஆஷா


ஆரியசாலை
செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா விஷயத்தில் நீ எழுதியது சரி. தரையைத்தான் பார்த்தேன். அந்தத் தரை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நீ சொன்னபடி பார்த்தேன். பூஜை அறைக்குப் பக்கத்தில் சாமான் அறை, அதன் வென்டிலேட்டர் வழியாகத் தடித்த கம்பி வருகிறது. மோடத்தில் நாலு விளக்கும் எரிகிறது. நான் பாடம் எடுப்பது அதற்கு நேர் மேலே மச்சு அறை. பழைய வீடு, சுவர் ஒரு முழம் இருக்கும். ஸ்டிக்கர் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இணைப்பு அவர் பெயரில்தான்.

அவர் சொன்ன ரூட்டர் கடையில் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வரும் என்று அவரிடம் பொய் சொன்னேன். "அப்படியா, அவசரமில்ல. மெதுவா வாங்கு" என்றார். அப்புறம், "போன மாசம் நெட்டு என்ன இவ்வளவு செலவாயிருக்கு பிந்து? அஸ்வதி நெறைய கார்ட்டூன் பாக்காளோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சின்னப் பிள்ளதானே" என்று சிரித்தார்.

அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை அக்கா. இப்படி நிதானமாகப் பேசினால்தான் பயம். மஸ்கட்டில் இருந்தபோது ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டு மலையாளிப் பெண்ணோடு பேசுவேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஆசாரியை அழைத்து வந்து ஜன்னலை நாலு பக்கமும் திருகாணி போட்டு அடைத்தார். வேலை முடிந்ததும் அந்த ஆளுக்கு என்னையே டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். "ஏசி காத்து வெளிய போகுது, அதான்" என்றார். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஸ்வப்னா கடையில் ஐந்து பாடம் எடுத்துவிட்டேன். நவராத்திரிக்கு பிளவுஸ் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். "ஒரு பிளவுசுக்கு எத்தன நாளுட்டீ அளவு எடுப்பா அவ?" என்று நேற்று கேட்டார். சீக்கிரம் எழுது.

பிந்து


மார்த்தாண்டம்
செப்டம்பர் 16

பிந்து,

பெருமாள் சொன்ன ரூட்டரையே வாங்கு. நாளைக்கே வாங்கு. அவர் ஆப்பில் அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருவது உனக்கான ரூட்டர். உள்ளங்கை அகலம்தான். இதைப் பொறுக்கி எடுக்க யோசுவா கடையில் இருந்த பாதி டப்பாவைப் பிரித்துவிட்டார். வேகம் அதிகமுள்ள புது ரகங்களின் சிக்னல் உங்கள் சுவரைத் தாண்டாது. இது பழைய மெதுவான அலை. ஆனால் சுவரைத் துளைத்து மச்சுக்கு ஏறும். ஒருத்தி பாடம் எடுக்க இது தாராளம்.

மாட்டும் வரிசையை மறந்துவிடாதே. மோடத்திலிருந்து வரும் கம்பி முதலில் இந்தச் சின்னதுக்குள், நீல ஓட்டையில். இதிலிருந்து இன்னொரு கம்பி அவருடைய பெரிய ரூட்டருக்குள். கேமரா, உன் போன், அத்தை போன், டிவி எல்லாம் பெரியதில் சேரட்டும். உன் பாடம் மட்டும் சின்னதில். பெரிய ரூட்டருக்குத் தனக்கு முன்னால் போவது தெரியாது. வாசலில் நிற்கும் காவல்காரனுக்குக் கொல்லைப்புறம் தெரியாத மாதிரி. நீ அனுப்பிய ஸ்டிக்கர் நம்பரைச் சின்ன ரூட்டருக்குள் எழுதிவிட்டேன். கேபிள் ஆபீஸ் கேட்டால் அது தன்னைப் பழைய ரூட்டர் என்றே சொல்லும். பதிய வேண்டாம், செய்தி போகாது. அதன் பெயரையும் மறைத்திருக்கிறேன். தேடுகிறவர்கள் போனில் பட்டியலில் வராது. பெயரும் பாஸ்வேர்டும் தனித்தாளில் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டுத் தாளை அடுப்பில் போடு.

பாடம் எடுக்கிற கருவி எது? அவர் வாங்கித் தந்ததாக இருந்தால் அதில் செய்யாதே.

மோடத்துக்குப் பின்னால் ஒளித்து வை. இரண்டு வாரம்தானே, அதுவரை அது அங்கே இருந்தால் போதும்.

ஆஷா


ஆரியசாலை
செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை செய்கிறது!

மாட்டும்போது கம்பியை முதலில் தப்பான ஓட்டையில் சொருகிவிட்டேன். மாற்றிச் சொருகினதும் பச்சை விளக்கு எரிந்தது. மச்சில் நின்று சிக்னலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. வியாழனும் வெள்ளியும் பாடம் எடுத்தேன். மெஷின் சத்தம் எங்கே டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கருவி அந்தப் பள்ளிக்கூடமே ஸ்வப்னா விலாசத்துக்கு அனுப்பிய டேப். அவர் அதைப் பார்த்ததே இல்லை.

பெரிய ரூட்டரை மாட்டின அன்றே அவர் போன் செய்தார். "இப்ப எல்லாம் தெளிவா இருக்கு பிந்து" என்றார். எது தெளிவாக இருக்கிறது என்று சொல்லவில்லை. மறுநாள் அத்தையிடம், "அம்மா, மணி பத்தே முக்காலுக்கே கோவிலுக்குக் கெளம்பிட்டீங்களே, இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டிருக்கிறார். அத்தைக்கு ஒரே பூரிப்பு. "அவன் அங்க இருந்துக்கிட்டே நம்மள எப்படிக் கவனிக்கான் பாரு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

யோசுவா அத்தானுக்கு என் நன்றியைச் சொல். அத்தான் என்று இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். ஆறு வருஷம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பிந்து


மார்த்தாண்டம்
செப்டம்பர் 23

பிந்து,

'அத்தான்' என்ற வரியை யோசுவாவிடம் படித்துக் காட்டினேன். மனுஷர் எழுந்துபோய் ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

பாடம் ஒழுங்காகப் போகிறது என்று தெரிந்து நிம்மதி. நேற்று மட்டும் ஏன் நாற்பது நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டாய்? சனிக்கிழமை சாயங்காலமும் அரைமணி நேரம் நெட்டில் இருந்தாய். அந்த நேரத்தில் அத்தை வீட்டில் இருப்பார் அல்லவா? பாடத்துக்குத் தவிர அதைத் தொடாதே. இன்னும் ஒரு வாரம்தான், பொறுத்துக்கொள்.

பழைய சர்டிபிகேட்டுகள், அஸ்வதியின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது?

ஆஷா


ஆரியசாலை
செப்டம்பர் 26

ஆஷா அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. நாற்பது நிமிஷம் என்று உனக்கு எப்படித் தெரியும்? சனிக்கிழமை அரைமணி நேரம் என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. ஸ்வப்னாவுக்கும் தெரியாது.

நீயும் ஆப் வைத்திருக்கிறாய்.

சின்ன ரூட்டரை எனக்கு அனுப்பும் முன் உன் போனில் கட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறாய். எனக்குக் கொல்லைப்புறக் கதவு வைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே நீ நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாய். நீ என் நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். அவரும் அதைத்தான் சொல்கிறார். "உன் நல்லதுக்குத்தானே பிந்து." ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன்.

திங்கட்கிழமை நாற்பது நிமிஷத்தில் நிறுத்தியது அங்கே பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால். சனிக்கிழமை அரைமணி நேரம், நான் அந்தக் கோயம்புத்தூர்ப் பள்ளியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகப் பன்னிரண்டு குடியிருப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமையலறை, ஒரு அறை, வாசலில் ஒரு குழாய். அதில் எது எனக்குக் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக்கூட யாருக்காவது கணக்குச் சொல்ல வேண்டுமா?

உன் போனிலிருந்து அதை எடுத்துவிடு. எடுத்துவிட்டேன் என்று எழுது. அந்த வரி வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை. நீ எடுக்காவிட்டால் நான் சின்ன ரூட்டரைக் கழற்றிவிட்டு மறுபடி தையல் கடைக்கே போவேன்.

பாஸ்போர்ட் இரண்டும் அவரிடம்தான் இருக்கிறது.

பிந்து


மார்த்தாண்டம்
செப்டம்பர் 29

பிந்து,

எடுத்துவிட்டேன். யோசுவா பக்கத்தில் நிற்க, என் போனிலிருந்தும் கடைக் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்துவிட்டேன். இனி அந்த ரூட்டர் எரிகிறதா அணைகிறதா என்றுகூட எனக்குத் தெரியாது.

முதலில் ஏதாவது பழுது வந்தால் இங்கிருந்தே சரி செய்யலாம் என்றுதான் வைத்தேன். அப்புறம் தினமும் பதினொரு மணிக்குக் கடையில் யார் வந்து நின்றாலும் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பட்டியலில் உன் டேப் வந்ததும்தான் எனக்கு மூச்சு வரும். ஆறு வருஷம் உன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்தேன் பிந்து. ஒரு பச்சைப் புள்ளி தெரிந்ததும் அதை விட மனசு வரவில்லை. தப்புத்தான். கேட்டிருக்க வேண்டும்.

ஆஷா


ஆரியசாலை
அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கோபம் போய்விட்டது. கோபப்பட நேரமும் இல்லை.

நாம் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். நம்பர், சுவர், கம்பி எல்லாம் யோசித்தோம். நவராத்திரியில் வீட்டுக் கருவிகளைச் சாமி முன்னால் வைக்கும் பூஜை வைப்பை யோசிக்கவில்லை. நீ இப்போது சர்ச்சுக்குப் போகிறவள், உனக்கு ஞாபகம் வராது. இந்த வீட்டிலேயே இருக்கிற எனக்கு வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் அடுக்களையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அத்தை அஸ்வதியின் புத்தகம், கத்தரிக்கோல், அரிவாள்மணை, மாமா காலத்துத் தராசு எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது பட்டு விரிப்பில் இரண்டு ரூட்டரும் இருந்தன. மஞ்சள் தடவி, சந்தனம் வைத்து, பொட்டு வைத்து. கம்பியை எல்லாம் உருவி நேர்த்தியாகச் சுருட்டி வைத்திருந்தார்.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"ராவும் பகலும் நமக்காக வேல செய்யுதுல்லா? அதுக்கும் ஒரு பொட்டு வேண்டாமா? குட்டிப் பெட்டி பின்னால தூசியில கெடந்துச்சு, பாவம்" என்றார்.

வைத்ததை விஜயதசமி காலை வரை எடுக்கக் கூடாது. படத்தை அத்தை தன் போனில் பிடித்து, நான் திரும்புவதற்குள் மகனுக்கு அனுப்பிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. அவ்வளவு ஆசையாக வைத்திருந்தார்.

பத்து நிமிஷத்தில் அவர் என்னை அழைத்தார். "அம்மா நல்லா பூஜை வச்சிருக்கா. பெட்டி ரெண்டா இருக்கே பிந்து?"

"மேல சிக்னல் எட்டலன்னு கேபிள் ஆதர்ஷ் ஒண்ணு கூடுதலா வச்சுத் தந்தான்" என்றேன்.

"அப்படியா? நல்ல பையன். ஒரு தேங்க்ஸ் சொல்லணும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று ஆதர்ஷ் சந்தில் பைக்கை நிறுத்தினான். "சேச்சி, சேட்டன் விளிச்சிருந்நு. ரெண்டாமத்தெ ரூட்டர் ஞான் வச்சதாணோ எந்நு சோதிச்சு. ஞான் அல்லா எந்நு பறஞ்ஞு. குழப்பம் ஒந்நும் இல்லல்லோ?" என்றான். அவன் என்ன செய்வான், இரண்டாவது ரூட்டரை வைத்தது நீயா என்று அவர் கேட்டதற்கு, நான் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டான். ஆதர்ஷை அவர் அழைத்தது செவ்வாய்க்கிழமை. அதற்கப்புறம் தினமும் என்னிடம் பேசுகிறார். ரூட்டர் என்ற வார்த்தையே எடுக்கவில்லை. அஸ்வதிக்கு என்ன கலரில் சட்டை வேண்டும் என்று கேட்கிறார்.

நேற்று ஸ்வப்னாவின் கடைக்கும் போன் செய்து, "பிந்துவோட பிளவுஸ் தச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அவள் போனிலிருந்து உன்னை அழைக்க எங்கள் இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. அதனால்தான் இதையும் தபாலில் போடுகிறேன்.

இப்போது நல்ல செய்தி. வேலை கிடைத்துவிட்டது. பூஜை வைப்பில் ஒரு பாடம்தான் போயிற்று. நியமனக் கடிதம் நேற்று வந்தது. 13ஆம் தேதி திங்கட்கிழமை சேர வேண்டும். ஏழாம் நம்பர் குடியிருப்பு. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை, 9ஆம் தேதி, அத்தை ஒரு கல்யாணத்துக்கு நெய்யாற்றின்கரை போகிறார். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அன்று அஸ்வதியைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன். நீயும் அத்தானும் பத்து மணிக்கு ஸ்வப்னா கடை முன்னால் வண்டியோடு நில்லுங்கள். பாஸ்போர்ட் போனால் போகட்டும். கோயம்புத்தூருக்குப் பாஸ்போர்ட் வேண்டாமே.

இன்னும் ஐந்து நாள். அவர் வர இன்னும் பதினாறு நாள் இருக்கிறது.

பிந்து


மார்த்தாண்டம்
அக்டோபர் 7

அன்புள்ள பிந்து,

வருகிறோம். பத்து மணி என்றால் ஒன்பதரைக்கே நிற்போம். யோசுவா டயருக்குக் காற்று அடித்து, பின் சீட்டில் அஸ்வதிக்குத் தலையணை வரை வைத்துவிட்டார். நேரே கோயம்புத்தூர்தான், வீட்டில்கூட இறங்க வேண்டாம். பெரிய பை எடுக்காதே. கவரும் பிள்ளையும் போதும். மற்றதை நான் வாங்கித் தருகிறேன்.

பயப்படாதே. நான் இருக்கிறேன்.

அக்கா


ஸ்வப்னா டெய்லரிங், ஆரியசாலை
அக்டோபர் 9

அன்புள்ள பிந்து,

இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமலேயே எழுதுகிறேன். என் போன கடிதம் உறை பிரிக்காமல் ஸ்வப்னாவின் மேசையில் கிடக்கிறது. நேற்று மத்தியானம்தான் வந்ததாம். உன்னிடம் கொடுக்க அவள் காத்திருந்திருக்கிறாள்.

ஒன்பதரைக்கு வந்தோம். பதினொன்றரை வரை நின்றோம். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். உன் அத்தை கோமதியம்மாள்தான் திறந்தார். கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆறு வருஷம் முன்பு என்னை உள்ளே விடாத அதே வாசலில், "வா ஆஷா, உள்ள வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து காலையில ஏழு மணிக்கு டாக்சில வந்து எறங்குனான். சொல்லவே இல்ல. எனக்கு ஒரே சந்தோசம். இட்லி சாப்பிட்டான். அந்தக் குட்டிப் பெட்டியக் கழத்தி மேசமேல வச்சான். ஒரு சத்தம் போடலம்மா, ஒரு வார்த்த திட்டல. பத்து மணிக்கு ஸ்கூலுக்குப் போயி பிள்ளையக் கூட்டிட்டு வந்து கார்லயே உக்கார வச்சான். உள்ள வந்து பிந்துட்ட, 'அஸ்வதி கார்ல இருக்கா. மத்தியானம் ஃபிளைட்டு. நீ வாறியா, இல்ல இங்க இருக்கியா?'ன்னான். அவ்வளவுதான் கேட்டான். அவ உடுத்துன சேலையோட எறங்கிப் போனா."

உன் கவரைப் பற்றிக் கேட்டேன். அது எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. மேசைமேல் சின்ன ரூட்டர் இல்லை. சாமான் அறையில் மோடத்துக்கு நேராகப் பெரிய ரூட்டர் ஒன்று மட்டும் எரிகிறது. ஹாலில் கேமரா எங்கள் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்து நின்றேன். அவர் மஸ்கட்டிலிருந்து என்னைப் பார்த்திருப்பார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். "பர்த்தாவு பார்யயெயும் குட்டியெயும் கொண்டு போயி. இதில் பராதி எந்தாணு?" என்று கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போனால் அதில் புகார் கிடையாதாம். யோசுவா மேசையைத் தட்டிப் பேசினார். எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாளைக்கு ஒரு வக்கீலைப் பார்க்கிறோம்.

பிந்து, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று ஏழரைக்குப் பெருமாள் சின்ன ரூட்டரைக் கழற்றியிருப்பார். என் போனில் அந்த ஆப் இருந்திருந்தால் அந்த நிமிஷமே மணி அடித்திருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் இங்கே வந்திருப்போம். பத்து மணிக்கு அவர் பள்ளிக்கூடம் போகும்போது அந்த வாசலில் யோசுவா நின்றிருப்பார். நீ எடுக்கச் சொன்னாய், எடுத்தேன். நீ கேட்டது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் என்னை வதைக்கிறது.

கோயம்புத்தூருக்கு நான் பேசினேன். இந்த மாதம் முடியும்வரை ஏழாம் நம்பரைக் காலியாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

எங்கே இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. ஒரு வரி போதும்.

அக்கா


மஸ்கட்
நவம்பர் 3

அன்புள்ள சகோதரி ஆஷாவுக்கு,

நலம். அங்கு நலமறிய ஆவல். நாங்கள் இங்கே வசதியாக இருக்கிறோம். உங்கள் கடை விலாசம் அவரிடம் முன்பே இருந்தது. நீங்கள் வீட்டுக்கு வந்ததையும் அத்தையோடு பேசியதையும் அவர் கேட்டார். அத்தையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அஸ்வதிக்கு ஜனவரியில்தான் பள்ளியில் இடம் கிடைக்கும். அதுவரை நானே கணக்குச் சொல்லித் தருகிறேன். அவள் நன்றாகப் போடுகிறாள்.

கோயம்புத்தூரிலிருந்து கேட்டால் எனக்கு அந்த வேலையில் விருப்பமில்லை என்று சொல்லிவிடுங்கள். ஏழாம் நம்பரை வேறு யாருக்காவது கொடுக்கட்டும். வக்கீலைப் பார்க்கத் தேவையில்லை. நான் என் விருப்பப்படிதான் வந்தேன்.

இங்கே நெட் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் ஒரு ரூட்டர். அவரே தேர்ந்தெடுத்து வாங்கினார். ஒன்றுக்கொன்று பொருத்தமானவை என்பதால் எங்கேயும் சிக்னல் விட்டுப்போவதில்லை.

யோசுவாவுக்கு என் வணக்கம். இனி பதில் எழுத வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டையும் அவர் வாசித்துவிட்டு, தேவையில்லாத வரிகளைக் கோடு போட்டுக் காட்டினார். இப்போது சரியாக இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
பிந்து வன்னியபெருமாள்